நீ முடிக்காமல் போன நீலாண்டி கதை

தர்சுவின் சடை நுனி ஈரமாக இருந்தது. அன்று அதைத்தான் முதலில் பார்த்தேன்.

மார்கழி மாதத்துச் சாயங்காலம். பள்ளிக்கூடம் விட்டதும் உன் தங்கச்சி எப்போதும் போல வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் கொட்டகைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன் அம்மா தீப்பெட்டி ஆபீசிலிருந்து வரும்வரை அவள் என்னோடுதான் இருப்பாள். நீ இருந்தபோது உன் மடியில் சாய்ந்து கிடப்பாள். இப்போது அட்டைக் கட்டில் சாய்ந்துகொள்கிறாள். உச்சந்தலை காய்ந்திருந்தது, பாவாடை காய்ந்திருந்தது. சடையின் நுனியும் ரிப்பனும் மட்டும் நனைந்து, சட்டையில் ஒரு கோடாக ஈரம் இறங்கியிருந்தது. நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. எல்லார் வீட்டிலும் டிரம்மில் அடித் தண்ணீரைத்தான் மொண்டுகொண்டிருந்தார்கள். இவளுக்கு மட்டும் சடை நனைகிற அளவுக்குத் தண்ணீர் எங்கே கிடைத்தது?

"எங்கன போய் நனைஞ்ச?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துத் தொட்டி" என்றாள். ரிப்பனைப் பிழிந்துகொண்டே, "சிப்பியக்கா, நீங்க எம்புட்டு நேரம் மூச்சப் பிடிப்பீக?" என்றாள்.

எதிர் வரிசையிலிருந்து மாரியக்கா, "அவ பேச்சையே வருசக்கணக்கா பிடிச்சு வச்சிருக்கா. மூச்சப் பிடிக்கிறதா பெருசு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தர்சு சிரிக்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பசை தடவிய லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, பிய்த்து, மறுபடி ஒட்டினேன்.

அவள் என்னைச் சிப்பியக்கா என்று கூப்பிடுவது உன்னால் வந்தது.

இதே கொட்டகையில் நாம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் அக்கா என்று கூப்பிட்டால் தொடையில் கிள்ளுவாய். நான் பள்ளிக்கூடத்தை விட்டு வந்த புதிது. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குச் சத்தமே வராது. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது நானே நின்றுகொள்கிறேன் என்றேன். யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. கொட்டகைக்கு வந்த முதல் வாரத்திலேயே எனக்கு ஊமச்சி என்று பேர் வைத்துவிட்டார்கள். நீ மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஒருநாள் அச்சாபீசிலிருந்து வந்த கட்டுக்கு மேலே ஒரு வேஸ்ட் தாளைச் சுற்றியிருந்தார்கள். ஒரே தாளில் பல வெடிகளின் லேபிள்கள் அடிக்கப்பட்டு, மை தாறுமாறாக விழுந்த தாள். ஒரு மூலையில் ஈட்டி பிடித்த ஒருத்தன், இடுப்புக்குக் கீழே மீன் செதில் போட்ட உடுப்பு. நீல மை அதிகமாகி அவன் உடம்பெல்லாம் நீலம். இன்னொரு மூலையில் கைகளிலிருந்து புகை கிளம்பும் தாடிக்காரன். நடுவில் மத்தாப்புப் பெட்டிக்காக வரைந்த இரட்டைச் சடைப் பிள்ளை. அவள் மேலும் நீலம் வழிந்திருந்தது. சிவப்பு மை விழாததால் அவளுக்கு வாயே இல்லை.

நீ தாளைத் தூக்கிப் பிடித்து, "இந்தா பாரு பிள்ள, நீ இங்கன இருக்க" என்றாய்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ அதைக் கவனித்தாய். உடனே சொன்னாய்: "வாய் இல்லாட்டி என்ன? கடலுக்கடியில வாய் எதுக்கு, தண்ணி உள்ள போறதுக்கா? அங்கன எல்லாம் கைச்சாடைதான். பேசுறவக எல்லாம் அங்க போனா மூச்சு முட்டிச் செத்துருவாக. இவதான் பிழைப்பா."

அப்படித்தான் கதை தொடங்கியது. நீலமாக இருந்தவன் நீலாண்டி. ஆழ்கடலில் வெறும் கையால் திமிங்கிலத்தைத் திருப்பிவிடுகிறவன். அவனோடு சுற்றும் வாயில்லாத சின்னப் பிள்ளை சிப்பி. தாடிக்காரன் மந்திரவாதி கந்தகன். அவனுக்கு ஒரே ஆசை. கடலைக் கொதிக்க வைத்து, வற்ற வைத்து, அடியில் கிடக்கிற வெடியுப்பை எல்லாம் அள்ள வேண்டும்.

"கடல்ல சாப்பாட்டு உப்புதான இருக்கும்?" என்று மாரியக்கா கேட்டாள்.

"அது மேலாப்புல. அடியில வெடியுப்பு. நீங்க போய்ப் பாத்தீகளா?"

"நீலாண்டிக்கு எப்பவும் இதே வேலைதானா? சீசன் கிடையாதா?"

"ஏன் இல்ல? தீபாவளிக்கு முன்னால அவருக்கும் ஓவர்டைம்தான்."

தினம் ஒரு சண்டை சொன்னாய். கந்தகன் ஊதிவிட்ட புகைச் சுறா, அவன் கட்டிய கண்ணாடிச் சிறை, நீலாண்டியை வெள்ளெலியாக்கப் பார்த்து அவன் தன் தாடியையே இழந்தது. ஒவ்வொரு சண்டையிலும் கடைசி நேரத்தில் சிப்பிதான் எதையாவது கவனிப்பாள், கையைக் காட்டுவாள், நீலாண்டி தப்பிப்பான். நான் தலையைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருப்பேன். காதெல்லாம் சூடாகிவிடும். என்னைப் போல ஒருத்தி கதையில் வந்து நான் கேட்டதில்லை.

இதெல்லாம் எதற்காகக் கடலுக்கடியில் நடக்கிறது என்று ஒருமுறை உன்னிடம் கேட்டேன். நம் ஊரில் கடல் கிடையாது, நாம் இரண்டு பேரும் பார்த்ததும் கிடையாது. "அங்கன எதுலயும் தீப் பத்தாதுல்ல" என்று மட்டும் சொன்னாய்.

அதைத் தர்சுதான் கெடுத்தாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்து, வெடிக்கு வைக்கிற பச்சைத் திரி தண்ணீருக்குள்ளும் எரியும் என்றாள். நீ நம்பவில்லை. உங்கள் வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீரில் துண்டுத் திரியைப் பற்ற வைத்துப் போட்டோம். அது அணையவே இல்லை. குமிழ் விட்டுக்கொண்டு, வாளியின் அடியில் ஒரு புழுவைப் போல ஊர்ந்து எரிந்தது. தர்சு கை தட்டினாள். நீ தட்டவில்லை. மறுநாள் கதையில் கந்தகன் கையில் பச்சைத் திரி வந்துவிட்டது.

பதினெட்டு வயது முடிந்ததும் நீ பட்டாசுக் கம்பெனிக்குப் போனாய். முதல் நாள் வேலை முடிந்து வந்து, போர்மேன் மாதிரியே குரலை மாற்றிக்கொண்டு எங்களுக்கு நடித்துக் காட்டினாய்: "புகையப் பாத்தா சோத்துப் பைய எடுக்காத. செருப்பத் தேடாத. எவளையும் கூப்பிடாத. திரும்பிப் பாக்காத. கிட்ட இருக்கிற வாசல்ல ஓடு." ஒரு அறைக்கு எத்தனை வாசல் என்று வியந்தாய். சாமானை விட வாசல்தான் அதிகம் என்றாய். நாள் முழுக்க உங்களை ஓட விட்டுப் பழக்கினார்களாம். ஓடி ஓடிச் சிரித்து வயிறு வலித்தது என்றாய். கம்பெனிக்குப் போனாலும் கதையை நிறுத்தவில்லை. காலையில் கம்பெனி வேனுக்கு நிற்கும் நேரத்தில் எனக்கும் தர்சுவுக்கும் ஒரு துண்டு சொல்லிவிட்டுத்தான் ஏறுவாய்.

கடைசித் துண்டு இது. திருத்தங்கலிலிருந்து சாத்தூர் வரைக்கும் எட்டுகிற நீளத்துக்குப் பச்சைத் திரியைக் கந்தகன் கடலின் அடியில் போட்டு, ஒரு முனையைப் பற்ற வைத்துவிட்டான். மறுமுனையில் கடலையே பிளக்கிற அளவுக்கு வெடிமருந்து. நீலாண்டி எரிகிற முனையைக் கையால் பொத்திப் பார்த்தான். விரல் இடுக்கில் புகுந்து எரிந்துகொண்டே போனது. தூரத்தில் சிப்பி நின்றாள். அவளைப் பார்த்து நீலாண்டி ஒரு கைச்சாடை காட்டினான்.

"என்ன காட்டினான்?" என்று தர்சு உன் பையைப் பிடித்து இழுத்தாள்.

"சாயங்காலம் சொல்றேன், விடுட்டி" என்று வேனில் ஏறினாய்.

அன்று மதியம் சத்தம் கேட்டது. கொட்டகையில் தகரம் அதிர்ந்தது. எந்தப் பக்கம் என்று மாரியக்கா கேட்டாள். எல்லாரும் எழுந்து வெளியே ஓடினோம்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க என்னை விடவில்லை. உன் கூட வேலை பார்த்து வெளியே ஓடி வந்தவர்கள் சொன்னதைத்தான் கேட்டேன். நீ வாசல் வரைக்கும் வந்துவிட்டாயாம். பிறகு திரும்பினாயாம். யாரோ உள்ளே கூப்பிட்டதாக ஒருத்தி சொன்னாள். பையை எடுக்கப் போனாய் என்று இன்னொருத்தி சொன்னாள். கால் தடுக்கியிருக்கும், திரும்பியது போலத் தெரிந்திருக்கும் என்று மூன்றாவதாக ஒருத்தி சொன்னாள். எதற்காகத் திரும்பினாய்? தெருவில் நடக்கும்போதும், பசை கிண்டும்போதும் இதையே உன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் கோபமாகக் கேட்கிறேன். சில நாள், நீ திரும்பவே இல்லை என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். அது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை.

தகனம் முடிந்து சில நாளில் உன் அப்பா மஞ்சள் துணி கட்டிய கலயத்தை எடுத்துக்கொண்டு ராமேஸ்வரத்துக்குப் போனார். அப்பா எங்கே போகிறார் என்று தர்சு கேட்டாள். பிள்ளையிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் உங்கள் சித்தி, "அக்காவக் கடல்ல விட்டுட்டு வரப் போறாரு" என்றாள். எல்லார் வீட்டிலும் சொல்கிற பேச்சுத்தான். எங்கள் தாத்தாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு அர்த்தம் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளைக்குக் கடலுக்கடியில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். நீதான் சொல்லிக் கொடுத்திருந்தாய்.

சடை நனைந்திருந்ததைப் பார்த்த மறுநாள், பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குக் கொட்டகையில் சொல்லிவிட்டு நான் போனேன். தர்சு வாசலில் இல்லை. மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்த கண்மாய்ப் பக்கம் போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள். போய்ப் பார்த்தால், படித்துறையில் மண்டி போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி வைத்திருந்தாள். சடை முன்னால் விழுந்து மிதந்தது. பின்னாலிருந்து வாரித் தூக்கினேன்.

"விடுங்க. எண்ணிக்கிட்டு இருந்தேன், தப்பிப் போச்சு" என்று மூச்சு வாங்கினாள்.

"என்ன பண்ற இங்கன?"

"பழகுறேன். தை அமாவாசைக்கு அப்பா எங்களையும் ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறாரு. அன்னைக்கு உள்ள போயிருவேன்."

துப்பட்டாவால் அவள் முகத்தைத் துடைத்தேன். அவள் கணக்குச் சொல்வது போல எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா கடலுக்குள்ளே இருக்கிறாள். அங்கே நீலாண்டி இருப்பதால் முதலில் தனக்குப் பயம் இல்லை. ஆனால் கந்தகன் இன்னும் சாகவில்லை. திரி இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ராமேஸ்வரத்தில் அப்பா குளிக்கிற இடத்துக்கே அக்கினி தீர்த்தம் என்றுதான் பேர். அப்படியென்றால் கந்தகன் அங்கேதான் இருக்கிறான்.

"அக்காவுக்கு நீந்தத் தெரியாது, சிப்பியக்கா."

"நீ போய் என்னடி செய்வ?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதான சிப்பி? நீங்கதான போயிருக்கணும்? நீங்க பேசாம லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கீக. அதான் நான் போறேன்."

அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன். அடுத்த வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்கக்கூடக் கூசுகிறவள் நான், உனக்குத் தெரியும். அன்று வாசலில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"கடல்ல விட்டா நல்லதுன்னாக, விட்டோம்" என்றாள். பிறகு, "அவள வீட்டுல விட்டுட்டுப் போனா, இங்கன கிணத்தத் தேடுவா. அடிச்சா கேக்கிற பிள்ளையா அவ? அவகிட்ட அக்கா செத்துட்டான்னு நான் சொல்லாத நாள் இல்ல. தெரியும்மாங்கிறா. தெரிஞ்சுக்கிட்டேதான் போறேங்கிறா. நீங்க ரெண்டு பேரும் கட்டுன கதை, நீயே முடிச்சு விடு தாயி" என்றாள்.

நான் என்ன முடிப்பேன்? நீ சொல்லும்போது அது சும்மா வந்தது. எனக்கு ஒரு வரி வரவில்லை. மறுநாள் தர்சு வந்ததும், "கந்தகன் செத்துட்டான்" என்றேன்.

"எப்ப?"

"போன வாரம்."

"எப்படி?"

"நீலாண்டி குத்திட்டாரு."

"திரி?"

"அணைஞ்சிருச்சு."

"தண்ணிக்குள்ளயே அணையாதது எப்படி அணையும்?" என்று கேட்டுவிட்டு, எனக்காக வருத்தப்படுவது போல, "உங்களுக்குக் கதை சொல்ல வராது, விடுங்க" என்றாள். மாரியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேலையில் கை ஓடவில்லை. தை பிறந்து, பொங்கல் முடிந்து, அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. உன்னைப் போல யோசிக்க முயன்றேன், வரவில்லை. நீ கடைசியாகச் சொன்னதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கையில் எரிகிற திரியோடு நிற்கிறவன், தூரத்தில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கு என்ன கை காட்டுவான்? வா என்றா? காப்பாற்று என்றா? கம்பெனியில் ஒரு நாள் வேலை பார்த்தவள்கூட அப்படிக் காட்டமாட்டாள்.

மறுநாள் தர்சு அட்டைக் கட்டில் சாய்ந்ததும் நான் பசைக் கையைத் துடைத்துவிட்டுச் சொன்னேன். கொட்டகையில் எல்லாருக்கும் கேட்கும்படிதான் வந்தது என் குரல். அதை என்னால் குறைக்க முடியவில்லை.

"நீலாண்டி ஓடுன்னு காட்டினான்."

தர்சு தலையைத் தூக்கினாள். "யார?"

"சிப்பிய. திரும்பிப் பாக்காம மேல ஓடுன்னான்."

"சிப்பி ஓட மாட்டா."

"ஓடினா. அவளுக்குப் போக இஷ்டமில்ல. ஆனா அவன் காட்டிட்டான்ல. தண்ணிய உதைச்சு உதைச்சு மேல வந்துட்டா. கரையேறி, ஊருக்குள்ள வந்துட்டா."

"அப்ப தோத்துட்டாகளா?"

"தீப் பத்துனா அணைக்க நிக்கக் கூடாது தர்சு. ஓடணும். கம்பெனியில மொத நாள் சொல்லிக் குடுக்கிறதே அதான். உங்கக்கா நடிச்சுக் காட்டுனாள்ல? ஓடி வந்த பிள்ளை தோத்த பிள்ளை இல்ல."

எதிர் வரிசையில் மாரியக்கா பசைத் தட்டைத் தள்ளி வைத்தாள். தர்சு என் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப எங்கக்கா ஏன் ஓடல?"

நீ பக்கத்தில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாய். ஒரு சுறாவையோ ஒரு திமிங்கிலத்தையோ கொண்டுவந்து நிறுத்தியிருப்பாய். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"தெரியல. எனக்கும் தெரியல. ஆனா அவ கடலுக்குள்ள இல்ல, தர்சு. கலயத்துல சாம்பல்தான் இருந்தது. அதைத்தான் கரைச்சாக."

நீ போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று அழுதாள். என் மடிக்கு வரவில்லை. மாரியக்கா எழுந்து வந்து தூக்கிக்கொண்டாள். "அழுதா அழட்டும், விடு" என்று என்னைப் பார்த்து முதல் முறையாகக் கேலி இல்லாமல் பேசினாள்.

அதற்குப் பிறகு தர்சு கொட்டகைக்கு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்குப் போய்விடுகிறாள் என்று உன் அம்மா சொன்னாள். கண்மாய்க்குப் போகவில்லை. ஆனால் யாரோடும் பேசவும் இல்லை. விட்டுவிட்டாளா, அல்லது என்னிடம் மறைக்கிறாளா? நான் செய்தது சரியா? அவளிடமிருந்து உன்னை இரண்டாம் தடவை பறித்துவிட்டேனா? உன் சொல் ஒன்று மட்டும் கைவசம் இருந்தது: பேசாதவள்தான் பிழைப்பாள். அதுவும் இப்போது எனக்கு உண்மையாகத் தோன்றவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் உன் அப்பாவிடம் போய், "மாமா, நானும் வாரேன்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "விடியுமுன்ன வேன் வந்துரும். முழிச்சிருவேல்ல?" என்றார்.

ராமேஸ்வரத்தில் கடல் நான் நினைத்தது போல இல்லை. அலையே இல்லாமல், நம் கண்மாய் போல, ஆனால் முடியாமல் கிடந்தது. கரை முழுக்க ஆட்கள். ஈரச் சேலையோடு பெண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். மாமாவும் அத்தையும் தண்ணீருக்குள் போய்க் கண்ணை மூடி முங்கினார்கள். தர்சு என் பக்கத்தில் நின்றாள். கொட்டகையில் அழுத நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள், தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையா, சிப்பியக்கா?"

"மீன் இருக்கும்" என்றேன்.

"நீங்க பாத்தீகளா?"

"இல்ல. நானும் இன்னைக்குத்தான் கடலப் பாக்கேன்."

"பயமா இருக்கா?"

"ம்."

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். பாதம் நனைந்தது. இன்னொரு அடி வைத்தாள். பிறகு நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் துப்பட்டாவைக் கழற்றி, ஒரு முனையை அவள் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தேன். மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். "உங்கப்பா நிக்கிற இடம் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்பிருவோம்" என்றேன். செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினேன்.